தலை நேரில் வந்தது

அந்த மனிதர் ஹெல்மெட்டை மேஜை மேல் வைத்த விதத்திலேயே தெரிந்துவிட்டது, அதை உடைக்க முடிந்திருந்தால் வழியிலேயே உடைத்திருப்பார். கறுப்பு நிறம், முன்னால் சின்ன விளிம்பு, தாடைக்குக் கீழே மாட்டும் பட்டை. பைக்கில் போகிறவர்கள் போடும் வகை அல்ல. குதிரைச் சவாரிக்கானது. புத்தம் புதுசு.

"அவங்க இல்லையா?" என்று என்னைக் கேட்டார்.

எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள். எங்கள் துப்பறியும் அலுவலகத்தின் கதவில் இரண்டு பேர் பெயரும் ஒரே அளவு எழுத்தில்தான் இருக்கின்றன. வருகிறவர்கள் கண்ணுக்கு அண்ணியின் பெயர் மட்டும் தெரியும். அண்ணி பதினாலு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்து விசாரணை செய்தவர். நான் அவருடைய கொழுந்தன், அதே பதினாலு வருஷத்தில் ஒன்பது வேலை பார்த்தவன். எனக்கு அவர் மேல் பொறாமை உண்டு. மறைத்துப் பிரயோஜனமில்லை, அவருக்கே தெரியும்.

"இருக்கேன், சொல்லுங்க," என்று உள்ளறையிலிருந்து அண்ணி வந்தார்.

"என் பொண்டாட்டிக்கு எவனோ அளவெடுத்திருக்கான் மேடம்."

அண்ணி அவரை உட்காரச் சொன்னார். வந்தவர் தையற்காரர். கோட்டு தைப்பதில் பேர் போனவராம். மனைவி சவாரிப் பள்ளியில் குழந்தைகளுக்குக் குதிரை ஏறக் கற்றுக்கொடுக்கிறாள், போட்டிகளிலும் கலந்துகொள்கிறாள்.

"அவளுக்குத் தோள் பதினாலரை, கை இருபத்திரண்டு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தலை மட்டும் தெரியாது. நான் தைக்கிற எதுக்கும் தலை வேண்டியதில்ல. இன்னைக்குக் காலையில அவ குளிக்கப் போனப்ப, அலமாரியில புடவைக்குப் பின்னாடி இது இருந்துச்சு. அவளோட பழைய ஹெல்மெட்டைப் பக்கத்துல வச்சு, ரெண்டுக்கும் உள்ளுக்குள்ள டேப் போட்டுப் பார்த்தேன். ரெண்டும் ஐம்பத்தேழு சென்டிமீட்டர். புருஷன் எனக்கே தெரியாத அளவு, இன்னொருத்தனுக்குத் தெரிஞ்சிருக்கு."

"அவங்களே வாங்கியிருக்கலாமே," என்றேன்.

"அவளா? ஊசி வாங்கினாக்கூட எங்கிட்ட சொல்வா."

"அப்ப அவங்ககிட்டயே கேட்டிருக்கலாம்."

"கேட்டா பொய் சொல்வா. இல்லைன்னா உண்மையைச் சொல்வா. ரெண்டையும் கேட்கிற தெம்பு எனக்கில்ல தம்பி." அவர் குரல் தேய்ந்தது. "அஞ்சு நாளா வீட்டுல பாட்டு முணுமுணுக்கறா. கல்யாணமாகிப் பதினொரு வருஷத்துல ஒரு நாள் முணுமுணுத்ததில்ல."

அதைக் கேட்டதும் எனக்கே வயிறு எரிந்தது. யார் பெண்டாட்டியோ யாருக்காகவோ பாடுகிறாள், எனக்கென்ன வந்தது? ஆனால் அப்படித்தான் இருந்தது.

"யார் மேலயாவது சந்தேகமா?" என்றார் அண்ணி.

"சவாரி மாஸ்டர் இருக்கார். குதிரை டாக்டர் இருக்கார். ரெண்டு பேரும் நல்ல உயரம்."

"அவங்களுக்கு ஆகாதவங்க?"

"பல் டாக்டரம்மா ஒருத்தங்க. ஆறு வருஷமா எல்லாப் போட்டியிலயும் இவ முதல், அவங்க ரெண்டாவது. இவளைக் கண்டாலே பல்லைக் கடிப்பாங்க."

"பல்லுக்கு அது நல்லதில்லைன்னு அவங்களுக்குத் தெரியாதா?" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

"இன்னைக்கு நாலு மணிக்குத் தடை தாண்டுற போட்டி," என்றார் தையற்காரர். "அதுக்குள்ள எனக்கு அவன் பேர் வேணும். மைதானத்துல எல்லார் முன்னாடியும் கேட்கப்போறேன். கேட்டுட்டு அங்கேயே உறவை முடிச்சுக்கறேன்."

மணி பதினொன்றரை.

அண்ணி ஹெல்மெட்டைத் திருப்பினார். முதலில் மோந்து பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"கிராம்பு," என்றேன். "சமையல்காரன் எவனாவது இருப்பான்."

"கிராம்பு மட்டும்தான் இருக்கு. சமையல்காரன்னா கூடவே பத்து வாசனை இருக்கும்."

பின்பக்கத்தில், பிடரியில் படும் இடத்தில், இறுக்கத் தளர்த்தத் திருகும் சின்னச் சக்கரம் ஒன்று இருந்தது. அதன் பல்லில் பச்சையாக ஏதோ சிக்கியிருந்தது. அண்ணி எடுப்பதற்குள் தையற்காரர் எடுத்துவிட்டார். விரலில் உருட்டிப் பார்த்தார்.

"தையல் நூல் இல்ல. துவாலை நூல். அடிக்கடி வெந்நீர்ல போட்டுத் துவைச்ச துவாலை."

ஒரு விநாடிக்கு அவர் எங்கள் ஆள் மாதிரி இருந்தார். அண்ணி அவரை மதிப்போடு பார்த்தார். நான் இரண்டு வருஷமாக அந்தப் பார்வைக்குக் காத்திருக்கிறேன்.

உள்துணியைத் தூக்கியபோது ஒரு சின்ன அட்டை கிடைத்தது. சேணக் கடை ஒன்றின் முத்திரை. கீழே கையால் எழுதியிருந்தது: *அளவு 57. முடி: கொண்டை, பிடரிக்குச் சற்று மேல். தலை நேரில் வந்தது.*

"கொண்டை அவளோடதுதான்," என்றார் தையற்காரர். முகம் வெளுத்துவிட்டது. "அப்ப ரெண்டு பேரும் சேர்ந்தே கடைக்குப் போயிருக்காங்க."

*

சேணக் கடை மத்தியானம் மூடி, இரண்டரைக்குத்தான் திறந்தது. கடைக்காரர் தோல் வாசனைக்கு நடுவில் முப்பது வருஷமாக உட்கார்ந்திருப்பவர். சுவர் முழுக்க ஹெல்மெட்டுகள். அட்டையைப் பார்த்ததும் தன்னுடையதுதான் என்றார். வாங்கியது யார் என்று மட்டும் சொல்ல மாட்டாராம், வாக்குக் கொடுத்திருக்கிறாராம்.

"அது என்ன 'தலை நேரில் வந்தது'?" என்றேன்.

"இந்தக் கடையோட சட்டம். அளவைச் சீட்டுல எழுதிக்கிட்டு வந்து 'குடுங்க'ன்னா குடுக்க மாட்டேன். தலை வரணும். ஐம்பத்தேழுன்னு நூறு தலை இருக்கும் தம்பி, எல்லாம் ஒரே உருண்டையா? ஒண்ணு நீளம், ஒண்ணு அகலம். முடியை விரிச்சுப் போட்டா ஒரு பொருத்தம், கொண்டை போட்டா வேற பொருத்தம். இப்படி வாங்க."

நான் வேண்டாம் என்பதற்குள் என் தலையில் ஒன்றை மாட்டிவிட்டார். ஏறவில்லை. அடுத்தது, அதற்கடுத்தது. கடைசியில் அறுபத்தொன்றை நானே வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

"பெரிய தலை," என்றார்.

"எங்க வீட்டுல யாரும் ஒத்துக்கறதில்ல," என்றேன் அண்ணியைப் பார்த்து.

"இந்தத் தம்பி நெத்தியைக் காட்டிக்கிட்டுப் பின்னால சாய்ச்சுப் போடறார் பாருங்க. எல்லாரும் செய்யற தப்பு. புருவத்துக்கு மேல ரெண்டு விரல், அதுக்கு மேல போகக் கூடாது." நெற்றியில் விரல் வைத்துக் கீழே இழுத்தார். "இப்ப தலையை ஆட்டுங்க. ஹெல்மெட்டோட புருவத்துத் தோலும் சேர்ந்து நகரணும். தோல் நின்ன இடத்துல நின்னு, ஹெல்மெட் மட்டும் ஆடிச்சுன்னா பெரிசு. நெத்திப்பொட்டுல குத்துதா? குத்தினா சின்னது. சுத்திவர ஒரே மாதிரி கவ்வணும். பட்டைக்கும் தாடைக்கும் நடுவுல ஒரு விரல். அவ்வளவுதான், இதைப் பார்க்காம நிறத்தைப் பார்த்து வாங்கிட்டுப் போறாங்க."

"இந்தத் தலை எப்படி இருந்துச்சு?" அண்ணி அட்டையைத் தட்டினார். "ஆளைச் சொல்ல வேண்டாம். தலையைச் சொல்லுங்க."

கடைக்காரர் யோசித்தார். வாக்கு உடைகிறதா என்று உள்ளுக்குள் பார்த்துக்கொண்டார் போலிருக்கிறது.

"ஒட்ட வெட்டின கிராப்பு," என்றார்.

தையற்காரர் பக்கத்திலிருந்த சேணத்தின் மேல் சாய்ந்துகொண்டார். "கிராப்பு. கேட்டுக்கங்க மேடம். கிராப்பு."

"கிராப்புத் தலைக்கு ஏது கொண்டை?" என்றார் அண்ணி.

"அதானே விஷயம். கையில ஒரு பச்சைத் துவாலை. அதைச் சுருட்டிப் பிடரியில கொண்டை மாதிரி வச்சுக்கிட்டு, அதுக்கு மேல போட்டுப் பார்த்தாங்க. 'போட்டுக்கப் போறவளுக்கும் இதே தலை, கொண்டை மட்டும் அதிகம்'னாங்க. குனிஞ்சு, நிமிர்ந்து, தலையை உதறி, ஒரு மணி நேரம். அஞ்சைக் கழிச்சு ஆறாவதை எடுத்தாங்க. இன்னொருத்தர் தலைக்காக இவ்வளவு பாடுபட்டவங்களை நான் பார்த்ததே இல்ல."

"போதும்," என்றார் தையற்காரர். இதற்குப் பதில் அவரை இரண்டு அறை அறைந்திருக்கலாம். பதினொரு வருஷமாக அவளுக்கு அவர் எத்தனை கோட்டு தைத்திருப்பார். ஒருத்தன் ஒரு மணி நேரத்தில் ஒரு துவாலையைச் சுருட்டிப் பிடரியில் வைத்து அத்தனையையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டான்.

"வேற ஏதாவது பேசினாங்களா?" என்றார் அண்ணி.

"வந்ததும் ஒரு கேள்வி கேட்டாங்க. ஒரு தடவை விழுந்த ஹெல்மெட்டை வெளியில பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமான்னு. முடியாதுன்னேன். உள்ள இருக்கற கெட்டி நுரை நசுங்கியிருக்கும். வெளியில ஒரு கீறல்கூடத் தெரியாது. அதைப் போட்டுக்கிட்டு மறுபடி விழுந்தா வெறும் தலையோட விழற மாதிரிதான். ஒரு விழுகைக்கு ஒரு ஹெல்மெட். இதைச் சொன்னதும்தான் வாங்கினாங்க."

அண்ணி அசையாமல் நின்றார். நான் அவரை அறிவேன். அவர் அப்படி நின்றால், எனக்குப் புரியாத ஏதோ ஒன்று அவருக்குப் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

"சார்," என்று தையற்காரரிடம் திரும்பினார். "உங்க மனைவி இன்னைக்கு எதைப் போட்டுக்கிட்டுப் போனாங்க?"

"பழசைத்தான். புதுசைத்தான் நான் எடுத்துட்டு வந்துட்டேனே."

"இது பரிசு இல்ல. அவங்க விழுந்திருக்காங்க. அதை யாரோ பார்த்திருக்காங்க. பழசு இனிமே உதவாதுன்னு தெரிஞ்சு வாங்கிக் குடுத்திருக்காங்க. அதைத்தான் நீங்க சாட்சிப் பொருள்னு தூக்கிக்கிட்டு வந்திருக்கீங்க."

தையற்காரர் கையிலிருந்த ஹெல்மெட்டைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்று பத்து.

*

மனைவியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. சவாரி ஏறும்போது போனைப் பெட்டியில் பூட்டிவிடுவாளாம். நான் காரை ஓட்டினேன். எல்லா சிக்னலும் எங்களைப் பார்த்ததும் சிவந்தது.

"எங்கிட்ட சொல்லலையே," என்றார் தையற்காரர் பின்சீட்டிலிருந்து. "விழுந்தேன்னு ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்றார் அண்ணி.

"இனிமே குதிரைப் பக்கமே போகாதேன்னு சொல்லியிருப்பேன்."

கொஞ்ச தூரம் போனதும் தையற்காரர், "அவனுக்கு மட்டும் தெரிஞ்சிருக்கு," என்றார். அந்த நேரத்திலும் அவருக்கு அதுதான் உறுத்தியது. நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

மைதானத்துக்குள் நுழைந்தபோது நாலாக ஐந்து நிமிஷம். மணல் பரப்பிய வட்டம், சுற்றி மரவேலி, உள்ளே வெள்ளைக் கம்புகள் வைத்த தடைகள். நுழைவாயிலில் சாம்பல் நிறக் குதிரை மேல் அவர் மனைவி. தலையில் பழைய ஹெல்மெட், அதற்குக் கீழே கொண்டை. முதல் சுற்று அவளுடையதுதான். அவளுக்குப் பின்னால் அடுத்த ஆள் ஒரு செம்மண் நிறக் குதிரையில் காத்திருந்தது.

தையற்காரர் ஓடினார். நாங்களும் ஓடினோம். கணவனையும் அவர் கையிலிருந்த ஹெல்மெட்டையும் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. அப்படி ஒரு மலர்ச்சியை அவர் எதிர்பார்க்கவில்லை.

"கடைசியில நீங்களே கொண்டு வந்துட்டீங்களா? இன்னைக்குப் போட்டுக்கலாம்னு தேடினேன், காணோம். திருப்பிக் குடுத்துட்டீங்களோன்னு நினைச்சேன்."

"நானா?"

"வாசல்ல பெட்டியை வச்சுட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி உள்ள கோட்டுக்குப் பட்டன் காஜா எடுத்துக்கிட்டிருந்தீங்களே. உங்களை விட்டா எனக்கு யாரு வாங்கித் தரப்போறா? அஞ்சு நாளா நானும் புடவைக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சுக்கிட்டு, நீங்க எப்ப வாயைத் திறப்பீங்கன்னு பார்த்துக்கிட்டிருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அஞ்சு நாளும் அவள் முணுமுணுத்தது இவருக்காக. மனிதர் தன் மேலேயே பொறாமைப்பட்டிருக்கிறார்.

அவர் தலையாட்டியிருந்தால் போதும். நானாக இருந்தால் ஆட்டியிருப்பேன். அவர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் வாங்கல," என்றார். "உன் தலை அளவு எனக்குத் தெரியாது."

அவள் முகம் சுருங்கியது. "பின்ன யாரு?"

அண்ணி அவளைப் பார்க்கவில்லை. பின்னால் இருந்த குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் மேலிருந்த ஆள் ஹெல்மெட்டைக் கழற்றி, பச்சைத் துவாலையால் முகத்தைத் துடைத்தது. ஒட்ட வெட்டிய நரைத்த கிராப்பு. ஐம்பதை நெருங்கும் பெண்.

"பல் டாக்டரம்மாதானே நீங்க?" என்றார் அண்ணி. "கிராம்புத் தைலம் கையை விட்டுப் போகாது போலிருக்கு."

"போகாது," என்றாள் அந்த அம்மாள். பொய் சொல்லத் தெரியாத முகம். "வாய் திறக்க மாட்டேன்னு அந்தக் கடைக்காரர் சொன்னாரே."

"அவர் ஆளைச் சொல்லல. தலையை மட்டும் சொன்னார்."

"நீயா?" என்றாள் தையற்காரரின் மனைவி.

"நான்தான். சவாரிப் பள்ளியில சேர்ந்த புதுசுல அங்க இருந்த ஹெல்மெட் ஒண்ணைத்தானே ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் போட்டோம். அதான் அளவு தெரியும். மூணு வாரம் முன்னாடி பயிற்சியில நீ விழுந்ததை நான் பார்த்தேன். மாத்துன்னு சொன்னேன். நான் ஜெயிக்கறதுக்காக உன்னைப் பயமுறுத்தறேன்னு சொன்ன."

"இப்பவும் அதைத்தான் சொல்றேன்."

"எனக்குப் பொறாமைதான். ஆறு வருஷமா ராத்தூக்கம் இல்ல. ஆனா நீ ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டா நான் யாரை ஜெயிக்கறது? மிச்சம் இருக்கறவங்களை ஜெயிச்சு எனக்கென்ன ஆகப்போகுது?"

"உன் தயவு எனக்கு வேண்டாம்." அவள் கடிவாளத்தை இழுத்தாள். "விழுந்தா மாத்தணும்னு குழந்தைங்களுக்குச் சொல்றது வேற. எனக்கு இது பழகின ஹெல்மெட். ஒரு கீறல் இல்ல. இதுவே போதும்."

உள்ளே மணி அடித்தார்கள். ஒரு நிமிஷத்தில் அவள் முதல் தடைக்குப் போக வேண்டும்.

தையற்காரர் என்ன செய்யப்போகிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. தோள்பையில் கை விட்டார், கோட்டுத் துணி வெட்டும் கத்தரியை எடுத்தார். குதிரையின் பக்கத்தில் எக்கி நின்று, மனைவியின் தாடைக்குக் கீழே இருந்த பட்டையை இரண்டு வெட்டில் வெட்டினார். தோலில் படவில்லை. கைத்தொழில் அப்படி. பழைய ஹெல்மெட் மணலில் விழுந்தது.

"உங்களுக்கென்ன பைத்தியமா?"

"ஆமா. காலையிலேருந்து பைத்தியம்தான். உனக்கு எவனோ வாங்கிக் குடுத்தான்னு நினைச்சு எரிஞ்சுக்கிட்டிருந்தேன். இப்ப இந்தம்மாவைப் பார்த்தா இன்னும் எரியுது. எனக்குத் தெரியவேண்டியது இவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. எரிஞ்சா எரியட்டும். யார் வாங்கினதா இருந்தாலும் நீ இதைத்தான் போட்டுக்கணும். சாயங்காலம் நீ வீட்டுக்கு வரணும்."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு குனிந்தாள். அவர் மாட்டிவிட்டார். அவரும் பின்னால் சாய்த்துத்தான் மாட்டினார். பல் டாக்டர் குதிரையைப் பக்கத்தில் கொண்டுவந்து, விளிம்பைப் பிடித்துப் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் வரும்வரை இழுத்தாள். பின்சக்கரத்தைத் திருகினாள். தையற்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

முதல் நாலு தடையும் சுத்தம். ஐந்தாவதில் குதிரை கடைசி அடியில் மனசு மாறி நின்றுவிட்டது. அவள் நிற்கவில்லை. கம்புக்கு மேல் பறந்து, அந்தப் பக்கம் தலை முதலில் விழுந்தாள். அந்தச் சத்தம் வேலிவரை கேட்டது.

போட்டியில் ஒரு விதி. அடுத்த ஆள் தன் முறை வருமுன் வட்டத்துக்குள் காலெடுத்து வைத்தால் ஆட்டத்திலிருந்து நீக்கிவிடுவார்கள். எதிரே முதலிடம் காலியாக இருந்தது, ஆறு வருஷத்தில் முதல் தடவை. பல் டாக்டர் குதிரையிலிருந்து குதித்து உள்ளே ஓடினாள்.

மணலில் மண்டியிட்டு, விழுந்தவளின் கண்ணைப் பார்த்தாள், விரலைக் காட்டி எண்ணச் சொன்னாள். பிறகு விழுந்தவள் தானாகவே எழுந்து உட்கார்ந்தாள்.

"உன் சுற்று போச்சே," என்று அவள் சொல்வது எங்களுக்குக் கேட்டது.

"போச்சு. வாயை மூடிக்கிட்டு உட்காரு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். எதற்கு என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. வேலிக்கு இந்தப் பக்கம் தையற்காரர் கட்டையைப் பிடித்தபடி நின்றார். கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

"பாருங்க மேடம்," என்றார் அண்ணியிடம். "புருஷன்னு ஒருத்தன் இங்க நிக்கறேன். அந்தம்மாகிட்டதான் முதல்ல பேசறா."

"நீங்க இந்தப் பக்கம் நின்னுக்கிட்டு இருக்கீங்களே," என்றார் அண்ணி.

அவர் வேலி ஏறினார். தானே தைத்த கோட்டு ஆணியில் மாட்டி முதுகுவரை கிழிந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் மணலில் ஓடினார்.